மஞ்சள் தடவிய பழுப்புக் கவர்

சென்னை உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தத் தூண் என்னைவிட ஒல்லி. இரண்டு பக்கமும் நான் பிதுங்கிக்கொண்டிருந்ததைப் பிறகு ஊரிலிருந்து கூட வந்திருந்த கன்னியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கையில் ஒரு துணிப்பை. பைக்குள் புளிசாதப் பொட்டலம் நான்கு, தண்ணீர் பாட்டில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், என் சட்டை ஒன்றில் சுற்றி, ஒரு பழுப்புக் கவர்.

அந்தக் கவரைக் கடலில் போட்டுவிடுவது என்பது என் திட்டம். கோர்ட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் விசாரித்து வைத்திருந்தேன்.

ஏன் கடல் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் ஏரியில் போட்டால் மிதக்கும். கிணற்றில் போட்டால் யாராவது வாளியில் எடுத்து, முகவரி பார்த்து, வெயிலில் காயவைத்து, வீடு தேடிவந்து கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் மோரும் குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்து மனிதர்கள் அவ்வளவு நல்லவர்கள். குற்றவாளிக்கு வசதியே இல்லாத ஊர்.

தூணுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊராட்சித் தலைவர் அலமேலு அக்காவும், வக்கீல் ஜெயந்தியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எதிர்த் தரப்புல இப்பத்தான் பதில் குடுத்தாங்க. உங்ககிட்ட விளக்கம் கேட்டு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம், வாங்கிக்கிட்டு பதிலே போடலன்னு சொல்றாங்க" என்றார் வக்கீல்.

"தபாலா? எந்தத் தபாலு? எங்களுக்கு ஒண்ணும் வரல. அதத்தான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்துட்டேனே."

"ஒப்புகை அட்டையில யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா. தேதி போடல. கையெழுத்து இதோ, ஒரு கோழி கிளறினா மாதிரி இருக்கு."

அலமேலு அக்கா அட்டையின் நகலை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தார். ஊரில் ஒரே ஒரு கோழிதான் அப்படிக் கிளறும்.

டீ குடிக்கப் போன நேரத்தில்

நான் எப்படி ஊராட்சியின் துணைத் தலைவர் ஆனேன் என்பதைச் சொல்லாவிட்டால் மேலே உள்ளது புரியாது.

நான் பெயின்டர். போர்டு எழுதுகிறவன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு கடை. லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி 'செருப்பு இங்கே விடவும்' போர்டு. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு மெஷின் வாங்கினேன். வீடு கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊராட்சி. ஏழு வார்டு, ஒரு ஏரி, நிறைய மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலையைத்தான் சொல்கிறேன்.

வார்டு தேர்தலில் என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜெயித்ததாக எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு ஒருநாள் ஏழு பேரும் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. நான் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது மாலை போட்டார்கள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"வெளிய போனவனாலதான் வேணாம்னு சொல்ல முடியாது" என்றார் அலமேலு அக்கா.

அவர் மூன்று ஏக்கர் மல்லாட்டைக்காரர். ஐம்பத்தைந்து வயது. அரசு ஜீப் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அவர் மட்டும் உட்கார்ந்தபடி நாற்காலியைக் காட்டுவார். எனக்கு அப்படியே நேர் எதிர். ஜீப் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் எழுந்திருப்பது முதுகு முடிதான்.

சுண்ணாம்பு அடித்த கதை

இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு.

வாலிபத்தில், பிரஷ் பிடித்த புதிதில், ஒரு பல்பொடி விளம்பரத்தைச் சுவரில் எழுதச் சொன்னார்கள். நல்ல நீளமான சுவர், தேர் வடம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, பல் தெரிய ஒரு பெண் சிரிக்கிற மாதிரி எழுதி முடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு சர்க்கார் ஆபீஸின் பின்பக்கச் சுவர்.

ஒரு வாரத்தில் பழுப்புக் கவர் வந்தது. அதைப் பிரிக்கவில்லை. நேராகப் போளூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஒளிந்துகொண்டேன். தாடி கூட வளர்த்தேன், அது வளரவில்லை.

பத்தாம் நாள் அப்பா கவரைப் பிரித்துப் படித்துவிட்டு ஆள் அனுப்பினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். போய் அடித்தேன். அந்த ஆபீஸர், அந்தப் பெண்ணை அழிக்க மனசே வரலப்பா என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

இதிலிருந்து ஒரு புத்திசாலி, கவரைப் பிரித்துப் படிப்பதே நல்லது என்று கற்றுக்கொண்டிருப்பான். நான் கற்றுக்கொண்டது வேறு. பத்து நாள் பிரிக்காமல் வைத்திருந்தால் விஷயம் தானாக டீயில் முடியும்.

பதினாலு வீடு

எங்கள் ஏரிக்கரை தாண்டிக் கிராம நத்தத்தில் பதினாலு இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. ஓலையும் தகரமும் கொஞ்சம் செங்கல்லுமாகப் பதினாலு வீடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான். சூளை வேலை, அரிசி மில் வேலை என்று வருஷத்தில் சில மாதம் வெளியூர் போவார்கள், திரும்பி வருவார்கள். ஆனால் எந்த வீட்டுக்கும் கதவு எண் கிடையாது.

கதவு எண் இல்லை என்றால் என்ன ஆகும் என்பது எண் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எண் இல்லாத வீட்டுக்குக் கரண்டு வராது. ரேஷன் கார்டு வராது. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்பார்கள். மூன்றாவது கேள்வியில் திரும்பி வர வேண்டியதுதான்.

அலமேலு அக்கா கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தார், பதினாலு வீட்டுக்கும் எண் கொடுப்பதென்று. பெட்டிக்கடை முன்சாமி எழுந்தார்.

"அவங்க நம்ம ஊர்னு எப்படிச் சொல்றது? பாதி வருஷம் சூளையில இருக்கறாங்க."

"உம் புள்ள எங்க இருக்கான்?" என்றார் அக்கா.

"துபாய்ல."

"வந்து எத்தினி வருஷம் ஆவுது?"

"மூணு."

"அவன் பேரு கார்டுல இருக்குதா, எடுத்துட்டியா?"

முன்சாமி உட்கார்ந்துவிட்டார். அதோடு நிற்கவில்லை, முதல் கையெழுத்தையும் அவரே போட்டார். எங்கள் ஊரில் தோற்றவர்கள் ரொம்ப மரியாதையானவர்கள்.

எண் எழுதும் வேலை எனக்கு வந்தது. துணைத் தலைவர் வேறு, பெயின்டர் வேறு, சும்மா விடுவார்களா. எத்தனையோ வருஷம் கழித்துப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். ஃப்ளெக்ஸில் ஆயிரம் முகம் அச்சடித்தவனுக்கு ஒரு 'நான்கு' வளைய மறுத்தது.

கன்னியம்மா வீட்டுக்கு வந்தபோது எழுத இடம் இல்லை. சுவர் ஓலை. கதவு, சிமென்ட் மூட்டைச் சாக்கு. ஒரு தகரத் துண்டை எடுத்து, நீல வர்ணம் பூசி, வெள்ளையில் 4/61 என்று எழுதி, கம்பியில் கோர்த்து மாட்டிவிட்டேன்.

கன்னியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அரிசி மில்லில் நெல் வேகவைக்கிறவர். அந்தத் தகரத்தைத் தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார்.

"பெயின்டரண்ணா, நம்பர் போட்டாச்சே. இனிமே போஸ்ட்மேன் வருவாரா?"

"யாராவது உனக்கு லெட்டர் போட்டா வருவாரும்மா."

"யாரு போடுவாங்க?"

"சர்க்கார்தான் போடும். பழுப்பா ஒரு கவரு."

"எனக்கா?" என்று சிரித்தார். "வந்தா எப்படி இருக்கும், ஒரு தடவ பாக்கணும்."

 உலகத்தில் பழுப்புக் கவருக்கு ஆசைப்பட்ட ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாங்கினேன், பிரிக்கவில்லை

இரண்டு மாதம் போயிருக்கும். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். ஊராட்சி அலுவலகம் பூட்டியிருந்தது, அக்கா கொல்லையில். போஸ்ட்மேன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"துணைத் தலைவர்தானே, ஊராட்சிக்கு ரிஜிஸ்டர் வந்திருக்கு, ஒரு கையெழுத்துப் போடுங்க."

பார்த்தேன். பழுப்பு. சீல். மேலே 'மிக அவசரம்'.  அட்டையில் கையெழுத்து என்று எதையோ போட்டேன். தேதி போடுகிற நிலைமையில் நான் இல்லை.

உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். பௌர்ணமிக்கு ஒரு கிரிவலம் சுற்றிவிட்டு வந்து பிரித்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் சாந்தமாகியிருக்கும் என்பது என் கணக்கு.

என் மனைவி கோமதி அதைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"ஆபீஸ் கவரு. பௌர்ணமி முடிஞ்சி பிரிக்கணும்."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறாள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து, "எதுவா இருந்தாலும் நல்லதா வரட்டும்" என்று திரும்ப வைத்துவிட்டாள்.

அந்தப் பௌர்ணமிக்கு மழை. அடுத்த பௌர்ணமிக்குக் கடையில் வேலை ஜாஸ்தி. அதற்குள் இடி விழுந்துவிட்டது.

ஒரு காலையில் ஜீப் வந்தது. எந்த ஆபீஸ் ஜீப் என்று சொல்லப் போவதில்லை. உத்தரவை அக்கா கையில் கொடுத்தார்கள். ஏரிக்கரைக்காரர்கள் நிரந்தரமாக வசிப்பவர்கள் அல்ல, ஊராட்சியின் தீர்மானம் ரத்து, கதவு எண்கள் ரத்து. சரி, அதுவாவது போகட்டும். நடுவில் ஒரு வரி: 'விளக்கம் கேட்டும் ஊராட்சி பதில் அளிக்கவில்லை.'

அக்கா அந்த வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்தார்.

"எப்ப கேட்டாங்க? எவங்கிட்ட கேட்டாங்க?"

கூட்டத்தில் எல்லாரும் எனக்குத் தெரியாது என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எல்லாரையும்விட வேகமாக ஆட்டினேன்.

ஜீப்போடு வந்த இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியோடு ஏரிக்கரைக்குப் போனார்கள். பதின்மூன்று எண்களை அழித்தார்கள். அறுபத்தொன்றை மட்டும் காணோம். கன்னியம்மா தகரத்தைக் கழற்றிக் கோழிக் கூடைக்கு அடியில் வைத்து, கூடை மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம்.

ஊராட்சி கோர்ட்டுக்குப் போகிறது

"நாம கோர்ட்டுக்குப் போறோம்" என்றார் அக்கா அன்று சாயங்காலமே.

"யக்கா, சர்க்கார் மேல சர்க்காரே கேஸ் போடலாமா?" என்று கேட்டேன். 

"நாமளும் ஓட்டு வாங்கி வந்த சர்க்காருதான் தம்பி. சின்னது, அவ்வளவுதான். நம்ம சபை போட்ட தீர்மானத்த நம்மள ஒரு வார்த்த கேக்காம அழிச்சிட்டாங்க. ஊர்ல யாரு இருக்கறாங்கன்னு ஊருக்குத் தெரியாதா?"

செங்கத்துக்காரர், சென்னையில் வக்கீல், ஜெயந்தி என்று ஒருவரை யாரோ சொன்னார்கள். அவர் சட்டத்தை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மேலே இருப்பவர்கள் ஊராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் ஊராட்சியைக் கேட்க வேண்டும். "உங்கள கேட்டாங்களா, கேக்கலையா? கேஸ் அதுலதான் நிக்குது" என்றார்.

"கேக்கல" என்றார் அக்கா. அதையே சத்தியமாக எழுதிக் கொடுத்தார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சாமி படத்துக்குப் பின்னால் அவர்கள் 'கேட்டது' மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. உத்தரவு வருவதற்கு முன்பே வந்துவிட்ட கவர். அதைச் சொன்னால் கேஸ் போச்சு. சொல்லாவிட்டால் அக்கா பொய்ச் சத்தியம் செய்தவர். என் ஒருவனால் பதினாலு வீட்டுக்கு எண் இல்லை. இரண்டு கிலோ இளைத்தேன். கோமதி, கிரிவலம் போகாமலே பலன் வந்துடுச்சே என்றாள்.

அதனால்தான் கடல்.

மறுபடி தூணுக்கு

அக்கா தூணைச் சுற்றி வந்தார். நான் தூணை இந்தப் பக்கமாகச் சுற்றினேன். ஒன்றரைச் சுற்றில் பிடித்துவிட்டார்.

"இது உன் கையெழுத்துதானே?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா கண்ணில் பட்டார். எங்களோடு முதல் பஸ்ஸில் வந்தவர். மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் அந்த நீலத் தகரம். திண்டிவனத்தில் பஸ் குலுங்கினபோதுகூட அதைத் தூக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் கேட்டால் காட்டுவதற்காம்.

"ஆமாக்கா" என்றேன்.

"கவர் எங்க?"

பைக்குள் கைவிட்டு, புளிசாதத்துக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்ட்மேன், பௌர்ணமி, மழை, கடல் வரைக்கும்.

அக்கா கவரை வாங்கினார்.

"உன்ன மல உச்சிக்கு ஏத்திக் கீழ உருட்டி வுடணும். நான் சத்தியம் பண்ணிட்டு வந்து நிக்கறேன். இந்தப் பதினாலு குடும்பமும் என்னைய நம்பி நிக்குது. இதுல இன்னா இருக்குதுன்னாவது பாத்தியா?" என்று கவரின் ஓரத்தில் விரலை வைத்தார், கிழிக்க.

"பிரிக்காதீங்கம்மா" என்றார் வக்கீல்.

அவர் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டின இடத்தை நகத்தால் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குங்குமப் பொட்டுக்கு மேலே இருந்த தபால் முத்திரையைப் படித்தார். பிறகு உத்தரவின் நகலை எடுத்து அதிலிருந்த தேதியைப் படித்தார். மறுபடியும் கவர், மறுபடியும் உத்தரவு.

"சார், இதை நீங்க நிஜமாவே பிரிக்கவே இல்லையா?"

"இல்லீங்க. தைரியம் வரல."

"ஒரு தடவகூட?"

"சத்தியமா இல்லீங்க."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வர ஆரம்பித்தது. எனக்குப் பயம் இன்னும் அதிகமானது. வக்கீல் சிரித்தால் யாரோ உள்ளே போகப் போகிறார்கள் என்று அர்த்தம், அது அநேகமாக நான்தான்.

"அம்மா, நடந்தது நடந்தபடியே சொல்லிடுவோம். கவர் வந்துச்சு, உங்களுக்குத் தெரியாது, இவரு மறைச்சிட்டாரு. கவரை அப்படியே ஜட்ஜ் கையில குடுத்துடுவோம். சார், நீங்களும் உள்ள வாங்க."

"நானா? நான் புளிசாதத்தைப் பாத்துக்கறேனே."

"புளிசாதம் ஓடாது, நீதான் ஓடுவ. வா" என்றார் அக்கா.

நாலு மூலை மஞ்சள்

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, ஒப்புகை அட்டையைக் காட்டி, விளக்கம் கேட்டோம், ஊராட்சி வாங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை, பிறகுதான் உத்தரவு போட்டோம் என்றார். கேட்கக் கேட்க எனக்கே எங்கள் ஊராட்சி மேல் கோபம் வந்தது.

ஜெயந்தி எழுந்தார். தலைவருக்குத் தெரியாமல் கவர் வந்தது உண்மை, அந்த இடத்தில் எங்கள் மனு தவறு, அதற்கு வருந்துகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டார். பிறகு கவரை நீட்டினார்.

நீதிபதி வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். தமிழில் கேட்டார்.

"இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

கோர்ட் சிரித்தது. ஜெயந்தி என்னைக் கைகாட்டினார். நான் எழுந்தேன். எழுந்தது கால் மட்டும்தான், மற்றதெல்லாம் பெஞ்சிலேயே இருந்த மாதிரி இருந்தது.

"நீங்கதான் துணைத் தலைவரா? யார் மஞ்சள் தடவினது?"

"வீட்டுலங்கய்யா."

"ஏன் பிரிக்கல?"

"பயம்ங்கய்யா."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே என்ன பயம்?"

"பழுப்பா இருந்துதுங்கய்யா."

இந்த முறை எதிர்த் தரப்பு வக்கீலும் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. முத்திரையைப் பார்த்தார். ஒட்டின இடத்தை எதிர்த் தரப்பு வக்கீலிடம் காட்டினார். "யாரும் கை வைக்கல, ஒத்துக்கறீங்களா?" அவர் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதன் பிறகு நீதிபதி எல்லார் கண் முன்னாலும் கவரைக் கிழித்தார். 

உள்ளே ஒரு தாள். விளக்கம் கேட்டு எழுதிய கடிதம்தான். கடிதத்தில் டைப் அடித்திருந்த தேதி, உத்தரவுக்கு இரண்டு வாரம் முன்னால். கவர் மேல் தபால்காரர்கள் குத்திய தேதி, உத்தரவுக்கு எட்டு நாள் பின்னால்.

எனக்கு உடனே விளங்கவில்லை. நீதிபதி நிதானமாகச் சொன்னபோதுதான் விளங்கியது. முதலில் உத்தரவைப் போட்டுவிட்டார்கள். ஊராட்சியைக் கேட்கவில்லையே என்று பிறகு யாருக்கோ நினைவு வந்திருக்கிறது. பழைய தேதி போட்டு ஒரு கடிதம் தயார் செய்து தபாலில் சேர்த்துவிட்டு, அது எங்களுக்குப் போய்ச் சேரும்வரை உத்தரவை மேஜைக்குள் வைத்திருந்து, அப்புறம் ஜீப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

"தண்டனை குடுத்துட்டு எட்டு நாள் கழிச்சு, ஏதாவது சொல்றியான்னு கேட்டிருக்கீங்க" என்றார் நீதிபதி எதிர்த் தரப்பைப் பார்த்து.

அந்த வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

நான் அந்தக் கவரை அன்றைக்கே பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னார். வெறும் கடிதத்தை ஃபைலில் வைத்துக் கவரைக் குப்பையில் போட்டிருப்போம். கவர் இருந்திருந்தாலும், இந்தக் கவரில் வந்தது இந்தக் கடிதம்தான் என்று யார் நம்புவார்கள்? என் கோழைத்தனம்தான் ஐந்து மாதம் அதற்குக் காவல் இருந்திருக்கிறது.

இதைப் பெருமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீதிபதி என்னை உட்காரச் சொல்வதற்கு முன் ஒன்று சொன்னார்.

"ஊராட்சிக்கு வர்ற கடிதம் உங்க சொத்து இல்ல. இந்தத் தடவ தப்பிச்சீங்க. உங்க பயத்துக்கு அந்தக் குடும்பங்க வீட்டு எண்ணை இழந்திருக்கும். இனிமே வந்தா பிரிச்சுப் படிங்க."

கோர்ட் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. பெஞ்சில் கன்னியம்மா தகரத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறதென்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு ரத்தானது. மறுபடி ஆட்சேபம் இருந்தால் ஊராட்சியை முறைப்படி கேட்டுவிட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும், அதுவரை எண்கள் இருந்தபடி இருக்கும். ஊரில் வசிப்பவர் யார் என்று கிராம சபை சொன்னதை ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாது என்றும் தீர்ப்பில் எழுதியிருந்தது. அந்த வரியை அக்கா ஊரில் பத்துப் பேருக்காவது படித்துக் காட்டியிருப்பார். முன்சாமிக்கு மட்டும் மூன்று முறை.

வெளியே வந்து மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டோம். பொட்டலங்கள் நசுங்கியிருந்தன. பைக்கு மேலே வக்கீல் தன் காகிதக் கட்டு ஒன்றை வைத்திருந்ததுதான் காரணம்.

"கடலுக்குப் போவணும்னியே, போய்ட்டு வரலாமா?" என்றார் அக்கா.

"வேணாங்க்கா. போட ஒண்ணும் இல்ல."

கன்னியம்மா கடல் பார்த்ததில்லை என்றார். அதனால் போனோம். தகரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றார். என் வாழ்க்கையில் ஒரு பொருளை நான் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில்லை.

ஏரிக்கரையில் போஸ்ட்மேன்

பதின்மூன்று எண்களை மறுபடி எழுதினேன். ஃப்ளெக்ஸ் இல்லை, பிரஷ். இந்த முறை 'நான்கு' ஒழுங்காக வளைந்தது. விளக்கம் கேட்டு ஒரு நிஜக் கடிதமும் வந்தது. அக்கா என்னை எதிரில் உட்காரவைத்து, என் கையாலேயே பிரிக்கச் சொன்னார். ஊரே கூடிப் பதில் எழுதினோம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். கன்னியம்மா வீட்டுக்குக் கதவு வந்திருந்தது. டவுனில் ஏதோ லாட்ஜ் இடித்தபோது கிடைத்த பழைய கதவு. அதில் ஏற்கெனவே பித்தளையில் 107 என்று இருந்தது. பக்கத்தில் நம் 4/61 தகரம். வீட்டுக்கு இரண்டு எண் ஆகிவிட்டதே என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது கரைமேல் சைக்கிள் மணி கேட்டது. போஸ்ட்மேன்.

"நாலு பார் அறுபத்தொண்ணு, கன்னியம்மா யாரு?"

கரண்டு கனெக்‌ஷன் சம்பந்தமான கவர் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நிறம்தான். பழுப்பு. சீல் வேறு. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து நின்றார்கள். கன்னியம்மா கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். போஸ்ட்மேன் பழக்க தோஷத்தில் கவரை என்னிடம் நீட்டினார், துணைத் தலைவர் ஆயிற்றே என்று.

நானும் வாங்கிவிட்டேன். 

"பிரிச்சுப் படிக்கட்டுமா?" என்றேன்.

"குடுங்கண்ணா" என்று கன்னியம்மா கவரைப் பிடுங்கிக்கொண்டார். "உங்க கையில இருந்தா அஞ்சு மாசம் ஆவும்."

வாசல்படியில் உட்கார்ந்து, கவரை மடியில் வைத்து, ஓரத்தைக் கிழித்தார். நிதானமாக, ஒரு துளிகூட வீணாகாமல் பலாச்சுளை எடுக்கிற மாதிரி.